செம்புக் குழாயும் மூன்று ராத்தல் கழிவும்

மேல் வளைவு வரைக்கும் சத்தம் சரியாகத்தான் இருந்தது.

ஸ்டோருக்குப் பின்னால் விறகு அடுக்கியிருந்த மேட்டில் ஏறி நின்றிருந்தேன். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் தோட்டங்களில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அங்கிருந்து பார்த்தால் கார் தெரியாது. மலை மறைத்துவிடும். காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது ஒன்றுதான் வழி. மழை விட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மேல்மாடியில் கொழுந்து வாடுகிற பச்சை வாசனையும், கார் போன பாதையில் எரிந்த விளக்கெண்ணெய் வாசனையும் கலந்து மூக்கில் ஏறின. சின்னத்துரை தன் பந்தயக் காருக்கு எஞ்சின் எண்ணெயாக விளக்கெண்ணெய்தான் ஊற்றுவார். நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் பிள்ளைகளுக்கு வயிறு சுத்தம் பண்ணக் கொடுக்கிற அதே எண்ணெய்தான்.

கீழ்ப் பாலத்தைத் தாண்டும்போது கார் ஒரு முக்கு முக்கியது. அப்புறம் கியர் மாறியது. செம்புக் குழாய் வழியாக வந்தது பாருங்கள் ஒரு குரல்! கோயில் மணியை அடித்துவிட்டுக் கையை வைத்துப் பார்த்தால் உள்ளங்கை அதிருமே, அந்த அதிர்வு என் நெஞ்சில். நான் விறகு மேல் நின்று குதித்தேன். "என் குழாய்டா! என் குழாய்!" என்று வாய்விட்டே கத்தினேன். விறகு தூக்க வந்த இரண்டு பேர், இவனுக்கு என்ன ஆச்சு என்று பார்த்தார்கள்.

மேல் வளைவு. படார் என்று ஒரு வெடி. அடுத்து பட் பட் பட் என்று ஓட்டைச் சத்தம். அதற்கடுத்து, ரோட்டில் ஏதோ உராய்ந்துகொண்டு வருகிற சத்தம்.

விறகு மேலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். குழாய் போனதற்காக மட்டும் அல்ல. அந்தக் குழாயோடு என் சீட்டும் போய்விட்டது என்று நினைத்தேன்.

பக்கத்துச் சீட்டு

எந்தச் சீட்டு என்று சொல்லிவிடுகிறேன்.

பெரிய சண்டை, அதாவது முதல் உலக யுத்தம், முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம் அது. ஹாலிஎலவுக்கு மேலே, ஸ்பிரிங்வெளிப் பக்கம் போகிற மலையில், நாங்கள் பெருங்கல் தோட்டம் என்று சொல்கிற தோட்டத்தில் நான் ஸ்டோர் பிட்டர். வயசு இருபத்தாறு. எந்திரத்தில் பெல்ட் அறுந்தாலும் நான்தான், பல்சக்கரம் உடைந்தாலும் நான்தான். என் பெயர் வேலு. ஆனால் தோட்டத்தில் யாருக்கும் அந்தப் பெயர் ஞாபகம் இல்லை. பிட்டர் என்றால்தான் தெரியும்.

அங்கே பெரியதுரைக்கு உதவியாக இருந்த சின்னத்துரைக்கும் ஏறக்குறைய என் வயசுதான். சீமையிலிருந்து கப்பலில் ஒரு காரை இறக்கிக்கொண்டு வந்தார். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். கூரை கிடையாது, கதவு கிடையாது. முன்பக்கம் நீட்டி, பின்பக்கம் வெட்டி, பார்த்தால் பாதி செய்து நிறுத்திய மாதிரி இருக்கும். ஆனால் ஓடினால் தெரியும் அது என்ன என்று. ஊவாவில் இருந்த தோட்டத்துத் துரைமார் எல்லாம் சேர்ந்து, ஹாலிஎலவிலிருந்து மேலே ஏறும் ரோட்டில் கார்களை ஒவ்வொன்றாக விட்டு, யார் சீக்கிரம் ஏறுகிறார்கள் என்று பார்க்கிற பந்தயம் ஒன்று வைப்பதாக முடிவாயிற்று.

அந்தப் பந்தயத்தில் ஓட்டுகிறவர் பக்கத்தில் ஒரு மெக்கானிக் உட்கார வேண்டும். சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற சீட்டு அல்ல அது. பெட்ரோல் டாங்கிக்குக் கைப்பம்பால் காற்று அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அடிக்காவிட்டால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போகாது, கார் நின்றுவிடும். வளைவில் உடம்பைச் சாய்த்துக் காரை அமுக்கிப் பிடிக்க வேண்டும். அதற்குக் கொழும்பிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைக்கச் சின்னத்துரை நினைத்திருந்தார்.

எனக்கு அந்தச் சீட்டின் மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. சோறு இறங்கவில்லை. என் மனைவி பொன்னாயி, "தொரை பக்கத்துல ஒக்காந்து போவாராம், ஆசையப் பாரு" என்று சிரித்தாள். லயத்தில் பிறந்தவன் துரைக்குப் பக்கத்தில் சமமாக உட்காருவது அந்தக் காலத்தில் நடக்கிற காரியமா? துரை குதிரையில் போனால் நாங்கள் பாதையை விட்டுத் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் இறங்கி நிற்கிற காலம் அது.

அந்த நேரம் பார்த்துத்தான் மடுல்சீமைக்குப் போன கார், வழியில் ஒரு கல்லில் அடிபட்டுப் புகைக்குழாய் உடைந்து வந்தது. எஞ்சினோடு சேர்ந்த பகுதி வார்ப்பிரும்பு. அது நெடுக்கக் கீறிவிட்டது. பின்னால் பானை மாதிரி ஒரு சத்தமடக்கி இருந்தது. அது நசுங்கிப் போயிருந்தது. கழற்றி எடைபோட்டால் எல்லாம் சேர்த்து அறுபது ராத்தல்.

"பிட்டர், நீ புதுசு செய்ய ஏலுமா?" என்று கேட்டார் சின்னத்துரை. தோட்டத்துத் தமிழை நன்றாகவே பேசுவார்.

"ஏலுங்க தொரை. ஆனா ஒண்ணு கேக்கணும்."

"என்னா?"

எங்கிருந்து எனக்கு அந்தத் தைரியம் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. சீட்டைக் கேட்டேன். துரை என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் அப்போது குச்சி மாதிரி இருப்பேன். கொழும்பு மெக்கானிக் நல்ல கனத்த ஆள் என்று பிறகு கேள்விப்பட்டேன். துரை சிரித்துவிட்டு, "குழாய் இருபது ராத்தலுக்கு மேல போகக் கூடாது. மலை உச்சி வரைக்கும் ஒடையக் கூடாது. ரெண்டும் சரின்னா, சீட்டு ஒனக்கு" என்றார்.

ஒரு வாசகருக்குப் பதில்

இந்தத் தொடரில் முன்பு ஒருமுறை இந்தக் குழாய்க் கதையை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனேன். அதைப் படித்த பண்டாரவளை வாசகர் ஒருவர், "புகை போகிற குழாய்தானே, எந்தக் குழாயாக இருந்தால் என்ன?" என்று எழுதிக் கேட்டிருந்தார். ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். மூக்கை அடைத்துக்கொண்டு ஹாலிஎல சந்தியிலிருந்து மேலே ஓடிப் பாருங்கள். பிறகு பேசுவோம்.

எஞ்சின் உள்ளே இழுப்பதைப் போலவே வெளியே விடவும் வேண்டும். விடுகிற வழி லேசாக இருந்தால்தான் அடுத்த மூச்சை முழுசாக இழுக்கும். அதனால் நாலு சிலிண்டருக்கும் நாலு தனிக் குழாய் வைத்து, கொஞ்ச தூரம் தள்ளி ஒரே பெரிய குழாயில் சேர்க்க வேண்டும் என்று துரை படம் போட்டுக் காட்டினார். அந்தக் குழாய் சிவக்கச் சிவக்கச் சூடாகும். அதே நேரம் எஞ்சினோடு சேர்ந்து நடுங்கும். மழைத் தண்ணீர் தெறித்தால் சட்டென்று குளிரும். அத்தனையையும் தாங்க வேண்டும், கனமாகவும் இருக்கக் கூடாது. இதற்கு எந்த உலோகம் என்பது விளையாட்டான கேள்வி அல்ல.

தகரம் தந்த காய்ச்சல்

முதலில் கைக்குக் கிடைத்தது கூரைத் தகரம். ஸ்டோரில் ஒரு மூலையில் அடுக்கிக் கிடந்தது. லேசு, வளைக்கச் சுலபம். சந்தோஷமாக ஒரு துண்டை வெட்டிச் சுருட்டி, பட்டறை உலையில் காட்டினேன்.

பட்டறை என்றால் ஸ்டோருக்குள் அல்ல. உள்ளே உலை மூட்டினால், தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கிற டீமேக்கர் என்னைக் கொன்றே போட்டிருப்பார். தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். ஒரு தடவை எவனோ கருவாட்டுப் பொட்டலத்தை உள்ளே வைத்துவிட்டான் என்று அவர் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. அதனால் என் உலை காற்றுக்குக் கீழ்ப்பக்கம், ஓடைக்கரையில் ஒரு சாய்ப்புக்குள்.

தகரம் சூடானதும் மேலே பூசியிருந்த துத்தநாகம் வெள்ளைப் புகையாகக் கிளம்பியது. பஞ்சு பறக்கிற மாதிரி அழகாக இருந்தது. நான் மூக்கை நீட்டிக்கொண்டு பார்த்தேன். சாயங்காலம் வாயெல்லாம் இனிக்க ஆரம்பித்தது. பிறகு நடுக்கம். மூன்று கம்பளி போர்த்தியும் பல் கிட்டித்தது. பொன்னாயி சுக்கும் கொத்தமல்லியும் போட்டு இறக்கிக் கொடுத்துக்கொண்டே திட்டினாள். "காருக்குக் கொழா செய்யப் போனவரு, நம்மளுக்குக் குழி வெட்டப் பாத்தாரு."

மறுநாள் காய்ச்சல் தானாகவே விட்டது. தகரத்தை அதோடு விட்டேன்.

அடுத்தது செம்பு. பதுளைக் கடைத்தெருவில் காசிம் நானா என்று ஒருவர் பழைய இரும்பு, பித்தளை, செம்பு வியாபாரம் செய்துவந்தார். எங்கோ மூடிப்போன சாராய வடிசாலையின் செம்புக் குழாய்கள் அவரிடம் இருந்தன.

"எதுக்குத் தம்பி?" என்றார்.

"பந்தயக் காருக்கு நானா. பொகை போற கொழாய்."

"சாராயம் போன கொழாய்ல பொகை போவுதா? அப்ப காரு தள்ளாடாமப் போவுதான்னு பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

செம்பின் மேல் எனக்கு ஒரு மயக்கம் உண்டு. அதை மறைப்பானேன்? சூடாக்கித் தண்ணீரில் முக்கினால் மெழுகாக இளகிவிடும். உள்ளே குங்கிலியத்தை உருக்கி ஊற்றி ஆறவிட்டு, முழங்காலில் வைத்தே வளைக்கலாம். ஒரு சுருக்கம் விழாது. நாலு சின்னக் குழாயும் ஒரு வால்குழாயும் செய்து, சாம்பல் போட்டுத் தேய்த்து வெயிலில் வைத்தேன். அப்படி ஒரு மினுக்கு. கல்யாணப் பெண்ணைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஐந்தையும் தனித்தனியாகவே வைத்திருந்தேன். காரில் மாட்டும்போது பட்டை போட்டு இறுக்கிக்கொள்ளலாம்.

துரை விடவில்லை. "இன்னொண்ணும் செய். ரெண்டையும் நிறுத்துப் பாக்கலாம்" என்றார்.

அதற்காகத்தான் எஃகுக் குழாய். தேயிலை காய வைக்கிற எந்திரத்தின் அடுப்புக்கு மாற்றுக் குழாய்கள் வந்து மிச்சம் கிடந்தன. மெல்லிய எஃகு. இரவும் பகலும் நெருப்பில் கிடப்பதற்கென்றே செய்த குழாய். ஆனால் வளைப்பதற்குள் உயிர் போய்விடும். மணலைக் கெட்டித்து, சிவக்கக் காய்ச்சி, இரண்டு ஆளாகத் தொங்கி வளைத்தோம். வெங்காரம் போட்டுப் பித்தளையால் பற்றவைத்து, நாலையும் வாலோடு ஒரே உருப்படியாக்கினேன். பார்க்கக் கருப்பாக, சுட்ட பனங்கிழங்கு மாதிரி இருந்தது. எனக்குப் பிடிக்கவே இல்லை.

இரண்டையும் கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். தோட்டத்தில் நல்ல தராசு அங்கேதான். சாயங்கால நிறுவை நேரம். கூடைகளோடு பெண்கள் வரிசையாக நின்றார்கள். கணக்கப்பிள்ளையிடம் குழாய்களைக் காட்டி, தனித்தனியாக நிறுத்து மொத்தத்தை எழுதி வைக்கச் சொன்னேன். அதற்குள் ஸ்டோரில் பெல்ட் நழுவிவிட்டது என்று கூப்பிட்டார்கள். ஓடிவிட்டேன். திரும்பி வந்தபோது கணக்கு எழுதிய துண்டுச்சீட்டு தயாராக இருந்தது. செம்பு, ஒன்பது ராத்தல். எஃகு, பதின்மூன்று.

குழாய்களைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது செம்புதான் கையை இழுத்தது. ஒரு நிமிஷம் நின்றேன். பிறகு, தராசுக்குத் தெரியாததா நம் கைக்குத் தெரியப் போகிறது என்று நடையைக் கட்டினேன். உண்மையைச் சொன்னால், செம்புதான் ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசைப்பட்ட கணக்கு கைக்கு வந்தபோது அதை யார் திரும்பக் கூட்டிப் பார்ப்பார்கள்? செம்பையே காரில் மாட்டினேன்.

ஒண்ணு!

முதலில் சொன்னேனே, அந்த ஓட்டைச் சத்தத்தோடு கார் விறகு மேட்டுக்குத் திரும்பி வந்தது. இரண்டாவது குழாய் கழுத்தில் வெடித்திருந்தது. சூட்டில் இளகிய வால்குழாய் தொங்கி ரோட்டில் தேய்ந்து நாசமாகியிருந்தது. வெடித்த ஓட்டை வழியாகக் கக்கிய நெருப்பு காரின் பச்சைப் பெயின்ட்டைக் கொப்புளமாக்கியிருந்தது.

சின்னத்துரை இறங்கினார். கோபத்தில் காது வரை சிவந்திருந்தார். "இன்னிக்கே கொழும்புக்குத் தந்தி அடிக்கிறேன்" என்றார். குழாய்கள் ஆறியதும் சாக்கைச் சுற்றி ஒன்றைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். வாங்கியவர் அப்படியே நின்றார். கையில் இரண்டு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"பிட்டர், அஞ்சும் சேர்ந்து ஒம்பது ராத்தலா?"

"அப்பிடித்தாங்க கணக்குச் சீட்டுல இருக்கு தொரை."

"தூக்கு. செம்பு, எஃகு ரெண்டையும் தூக்கு. வா."

நேரே நிறுவைக் கொட்டகை. அதே சாயங்கால நிறுவை நேரம். துரையைப் பார்த்ததும் வரிசை விலகியது. சின்னக் குழாய் ஒன்றைக் கொக்கியில் மாட்டினேன். முள் ஆடி நின்றது. கணக்கப்பிள்ளை கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, பென்சிலை எச்சில் தொட்டு, உரத்த குரலில் சொன்னார்.

"ஒண்ணு!"

துரை தராசின் முகத்துக்கு நேராகக் குனிந்தார். முள் நாலில் நின்றது.

"இது என்னா?"

"நாலுங்க தொரை."

"நீ என்னா சொன்ன?"

கணக்கப்பிள்ளைக்கு அப்போதுதான் விளங்கியது. முகம் வெளிறிவிட்டது. "தொரை... கூடைக் கழிவு ரெண்டு, மழை நாள்ல ஈரக் கழிவு ஒண்ணு... கை பழகிப் போச்சுங்க தொரை."

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். செம்பு ஐந்து துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் கூடைக்கும் ஈரத்துக்குமாக மூன்று மூன்று ராத்தலை வெட்டியிருக்கிறார் மனிதர். குழாய்க்கு ஏது கூடை? செம்பில் ஏது ஈரம்? ஆனால் தினம் நூறு தடவை அப்படியே சொல்லிச் சொல்லி, முள் நாலில் நின்றால் அவர் வாய் ஒன்று என்றுதான் சொல்லும். திரும்ப நிறுத்தோம். செம்பு இருபத்துநாலு. ஒரே உருப்படியாக இருந்த எஃகுக்கு ஒரே ஒரு கழிவுதான் போயிருந்தது. அது பதினாறு.

பதினாறு! இருபதுக்குள்! இத்தனை நாள் நான் திரும்பிப் பார்க்காத அந்தக் கரிக்கட்டைதான் சரியான குழாய். துரை சத்தம் போட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். சீட்டு திரும்பவும் என் பக்கம் நகர்ந்து வந்துவிட்டது. துரை கணக்கப்பிள்ளை பக்கம் திரும்பி, "இரும்புக்குக் கூடை போட்ட முட்டாள்! ஒன்னால என் கழுத்து ஒடஞ்சிருக்கும்" என்று கத்தினார்.

அப்போது வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஒரு நாளு கொழாய்ல வெட்டுனதுக்கே தொரைக்கு இம்புட்டுக் கோவம் வருதே. எங்க கூடையில ஒரு நாளைக்கு மூணு வாட்டி வெட்டுறாங்க."

பார்த்தால் பொன்னாயி. தலையில் கொங்காணிக் கம்பளி, இடுப்பில் படங்குச் சாக்கு. அவள் பேசியதை நிறுத்தவும் இல்லை. "எங்க கூடை ரெண்டு ராத்தல் இல்லீங்க தொரை. ஒண்ணரைகூட வராது. மழை இல்லாத நாளும் ஈரம்னு வெட்டுறாங்க. வெறுங்கூடைய மாட்டிப் பாருங்க."

அந்தக் கழிவு கணக்கப்பிள்ளை சொந்தமாகக் கண்டுபிடித்தது அல்ல. பெரியதுரை போட்ட வழக்கம். அதைக் கேள்வி கேட்பது பெரியதுரையைக் கேள்வி கேட்பதுதான். சின்னத்துரை மெதுவாக என் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"பிட்டர். ஒன் பொஞ்சாதி சொல்றது நெசமா?"

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். பொன்னாயி இந்தக் கழிவைப் பற்றி என்னிடம் எத்தனையோ நாள் புலம்பியிருக்கிறாள். "எல்லாருக்கும் உள்ளதுதானே, விடு" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தவன் நான். என் குழாயில் மூன்று ராத்தல் வெட்டியதும் எனக்கு நியாயம் தெரிந்துவிட்டது. அவள் முதுகில் சுமந்ததை வெட்டியபோது தெரியவில்லை.

வாயைத் திறந்தால் சீட்டு போகும். நன்றாகத் தெரிந்தது. மூடிக்கொண்டால் பொன்னாயி பொய் சொன்னவள் ஆவாள்.

"நெசங்க தொரை" என்றேன். "எனக்கும் தெரியுங்க. ரொம்ப நாளாத் தெரியுங்க."

துரை தொப்பியை எடுத்து மாட்டினார். யாரையும் பார்க்காமல் கொட்டகையை விட்டு இறங்கிப் போனார்.

பெரட்டுக் களத்தில்

மறுநாள் எஃகுக் குழாயைக் காரில் மாட்டினேன். துரை தனியாக ஓட்டிப் பார்த்தார். மேல் வளைவைத் தாண்டி, உச்சிக்குப் போய், திரும்பி வந்தது. செம்பின் மணிக்குரல் இல்லை. இது தொண்டை கட்டிய ஆள் அதட்டுகிற மாதிரி ஒரு குரல். ஆனால் ஒரு கீறல் இல்லை, ஒரு நடுக்கம் இல்லை. துரை தலையை மட்டும் ஆட்டினார். சீட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. தந்தி அடித்தாரா என்றும் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை. பொன்னாயியும் நானும் அந்த நாட்களில் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அவள் என் சோற்றில் கருவாட்டுத் துண்டு ஒன்றைக் கூடுதலாக வைத்ததைக் கவனித்தேன்.

பந்தய நாள் காலை பெரட்டுக்குப் போனேன். வேலைக்குப் போகிற எல்லோரையும் விடியலில் கூட்டி, இன்னார் இன்ன வேலைக்கு என்று பிரித்து அனுப்புகிற இடம் அது. பிட்டர் அங்கே போக வேண்டியதில்லை. ஆனால் அன்றைக்கு வரச் சொல்லித் துரை ஆள் அனுப்பியிருந்தார். பனி இறங்கிக்கொண்டிருந்தது. சின்னத்துரை வந்து நின்றார்.

முதல் வார்த்தையாக, "இன்னையிலிருந்து வெறுங்கூடைய மொதல்ல நிறு. அப்புறம் கொழுந்து. அதுதான் கழிவு" என்றார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த உத்தரவு எத்தனை நாள் நின்றது என்று கேட்காதீர்கள். சின்னத்துரை லீவில் சீமைக்குப் போன மறு மாசமே பழைய மூன்று ராத்தல் திரும்பி வந்துவிட்டது. ஆனால் அதுவரைக்கும் வந்த ஒவ்வொரு நிறுவையிலும் பொன்னாயி தராசுக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

பிறகு கணக்கப்பிள்ளை தாளைப் பிரித்துப் படித்தார். கொழுந்துக்கு இத்தனை பேர், கவ்வாத்துக்கு இத்தனை பேர், கான் வெட்ட இத்தனை பேர். கடைசி வரியில் நின்றுவிட்டார். துரையைப் பார்த்தார்.

"படி" என்றார் துரை.

"பிட்டர் வேலு..." கணக்கப்பிள்ளை தாளைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். "காரு."

தோட்டமே திரும்பிப் பார்த்தது. என் பெயரை அத்தனை பேர் முன்னால் முழுசாகச் சொன்னது அன்றைக்குத்தான். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பொன்னாயி கொங்காணியின் நுனியைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். "சாஞ்சு விழுந்துராதீங்க" என்றாள்.

கேட்காத சொல்

அந்த ஏற்றத்தை எப்படி எழுதுவது? எத்தனையோ கார் ஓட்டிவிட்டேன், சொந்தமாகப் பதுளையில் கராஜ் வைத்தேன், அதற்குப் பிறகு அந்த மாதிரி ஒன்று வரவில்லை.

கொடி இறங்கியது. முதுகு சீட்டில் அறைந்தது. குழாய் காரின் இடது பக்கம், என் முழங்கைக்கு வெளியே ஓடியது. அதன் சூடு சட்டையைத் தாண்டிச் சுட்டது. ரோட்டின் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றார்கள். வாயைத் திறந்து கத்துவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. என் குழாயின் சத்தத்தைத் தவிர உலகத்தில் வேறு சத்தமே இல்லை. நான் பம்பு அடித்தேன். வளைவில் காருக்கு வெளியே பாதி உடம்பைத் தொங்கவிட்டேன். கையெட்டும் தூரத்தில் மண் பறந்தது. மர நிழலுக்குள் நுழைந்தபோது குழாயைப் பார்த்தேன். மங்கலாகச் சிவந்திருந்தது. சிவந்தும் அசையவில்லை. ஐயோ, என்ன சந்தோஷம்! சிரித்துச் சிரித்து வாயெல்லாம் தூசி.

செங்குத்தான கடைசி வளைவில் துரை என் பக்கம் திரும்பி ஏதோ கத்தினார். உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. இன்னொரு தடவை கத்தினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. குழாயின் குரல் கொஞ்சம் தளர்ந்தது, எஞ்சின் பெட்ரோலுக்கு ஏங்குகிறது என்று மட்டும் தெரிந்தது. நான் பாட்டுக்குப் பம்பை அடி அடி என்று அடித்தேன். குரல் நிமிர்ந்தது. உச்சி வந்துவிட்டது.

நாங்கள் இரண்டாவதாக வந்தோம். துரை எஞ்சினை நிறுத்தினார். காது ரெண்டும் ஙொய் என்று இரைந்தது.

"கடைசி வளைவில கத்தினேனே. கேட்டியா?"

"கேக்கலீங்க தொரை. என்னங்க சொன்னீங்க?"

"பம்ப விட்டுட்டு ரெண்டு கையாலயும் புடிச்சுக்கோன்னு சொன்னேன்." கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். "நல்லவேளை கேக்கல. கேட்டிருந்தா நடு ஏத்தத்துல நின்னிருப்போம்."

கேட்டிருந்தால் நான் விட்டிருப்பேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிறந்ததிலிருந்து துரைமார் சொன்ன எதற்கும் மறு பேச்சுப் பேசாமல் ஆமாங்க போட்டவன் நான். அன்றைக்குத்தான் முதல்தடவையாகத் துரை சொன்னதைச் செய்யவில்லை. அதனால்தான் உச்சிக்குப் போனோம்.

சாயங்காலம் லயத்துக்குத் திரும்பி, கரி முகத்தோடு பொன்னாயியிடம் இதை அப்படியே சொன்னேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப அதே மாதிரி கொழாய் ஒண்ணு செஞ்சு ஸ்டோருலயும் மாட்டிருங்க" என்றாள்.